ரவுட்டர் டேபிள்: வாங்குவதா, செய்வதா, எல்லாம் சேர்ந்த மேசையா?

ரவுட்டர் (பிட் என்கிற வெட்டு முனையை வேகமாகச் சுற்றி, மரத்தில் பள்ளமும் ஓர வேலைப்பாடும் எடுக்கிற மிஷின்) வாங்கி நாலு கதவுக்கு பீடிங் ஓட்டிய பிறகு எல்லோருக்கும் வரும் அடுத்த ஆசை டேபிள்தான். கையில் பிடித்து ஓட்டும்போது மரம் நிற்கும், மிஷின் நகரும். டேபிளில் மிஷின் தலைகீழாக நிற்கும், மரம் நகரும். வித்தியாசம் இவ்வளவுதான். ஆனால் இந்த ஒரு மாற்றத்தால், மிஷினை மேலே உட்காரவைக்கவே இடமில்லாத ஒல்லிச் சட்டத்தில்கூட நேராகக் காடி, அதாவது நீளப் பள்ளம், எடுக்கலாம், எட்டடி பீடிங்கை ஒரே சீராக ஓட்டலாம். அதே மாற்றத்தால்தான் விரலும் பிட்டுக்குப் பக்கத்தில் போகிறது. கையில் ஓட்டும்போது இரண்டு கையும் கைப்பிடியில் இருக்கும். டேபிளில் இரண்டு கையும் மரத்தின்மேல், அதாவது பிட் சுற்றுகிற பக்கம்.

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை, குடியாத்தம் பக்கம் சின்னதாகப் பட்டறை வைத்திருப்பவர்களும், மாடியில் ஷீட் போட்டுக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை மரவேலை செய்கிறவர்களும் கேட்பது பெரும்பாலும் இதைத்தான்: ஆன்லைனில் வரும் அலுமினிய டேபிளை வாங்கிவிடலாமா, பிளைவுட்டில் நாமே செய்துகொள்ளலாமா, இல்லை வீடியோக்களில் காட்டுகிறார்களே, சர்க்குலர் சா (வட்ட ரம்பம்), ரவுட்டர், ஜிக்சா (வளைவாக அறுக்கும் ரம்பம்) மூன்றையும் ஒரே பலகைக்கு அடியில் தொங்கவிட்ட மேசை, அதைச் செய்தால் காசும் இடமும் மிச்சமா? என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரவுட்டருக்கென்றே தனியாக, நாமே செய்த பெட்டி மேசைதான் சரி. ஆனால் அதில் காசு போட வேண்டிய இடம் எல்லோரும் முதலில் கேட்கிற லிஃப்ட் (பிட்டை ஏற்றி இறக்கும் சாமான்) இல்லை. சுவிட்ச், ஃபென்ஸ் (மரத்தை ஒட்டித் தள்ளுவதற்கான நேரான தடுப்பு), மரத்தை அமுக்கிப் பிடிக்கிற சாமான், இந்த மூன்றும்தான்.

அதற்கு முன்னால், டேபிள் வேண்டுமா என்பதையே ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள். பூஜை அறைக் கதவில் பூவேலை, சாமி உருவம், ஜாலி வேலை இதெல்லாம் என்றால் டேபிள் உதவாது. அது சிஎன்சி, அதாவது கம்ப்யூட்டர் ஓட்டுகிற மிஷின், செய்கிற வேலை, கடையில் கொடுத்து வாங்கிக்கொள்வதுதான் மலிவு. வருஷத்துக்கு நாலு நிலை, அதற்குக் காடி என்றால் மரம் அறுக்கிற இடத்தில் ஸ்பிண்டில் மோல்டர் (காடி, மோல்டிங் ஓட்டுகிற பெரிய மிஷின்) இருந்தால் அங்கேயே ஓட்டிக்கொண்டு வந்துவிடலாம். வாரத்துக்கு வாரம் ஷட்டர் ஃப்ரேம், பீடிங், டிராயர், கண்ணாடிக்குக் காடி, தறிச் சாமான் என்று சின்னச் சின்னத் துண்டுகள் ஓடுகிறவர்களுக்குத்தான் டேபிள். சிஎன்சிக்காரரிடம் ஆறடி ரீப்பரைக் கொண்டுபோய் ஓரத்தை உருட்டித் தரச் சொன்னால் அவர் சிரிப்பார்.

சரி, மூன்றும் சேர்ந்த மேசையை முதலில் முடித்துவிடுவோம், ஏனென்றால் அதுதான் பார்க்க ஆசையாக இருக்கிறது. எட்டுக்கு நாலு பிளைவுட்டில் பாதி, அதில் மூன்று ஓட்டை, அடியில் மூன்று மிஷின், ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். இடமில்லாத பட்டறைக்கு வேறென்ன வேண்டும் என்று தோன்றும். சிக்கல் எங்கே என்றால், கையில் பிடித்து ஓட்டச் செய்த சர்க்குலர் சாவைக் கவிழ்க்கும்போது, விட்டால் தானாக மூடிக்கொள்ளும் அதன் கீழ்க் கார்டை (பிளேடை மூடும் பாதுகாப்பு மூடியை) கட்டி வைக்க வேண்டியிருக்கிறது. கையை எடுத்தால் நின்றுவிடும் ட்ரிக்கரையும் கட்ட வேண்டியிருக்கிறது. ஆக, மிஷின் செய்தவன் வைத்த இரண்டு பாதுகாப்பையும் முதல் நாளே கழற்றிவிட்டோம். பிளேடுக்குப் பின்னால், அறுத்த வெட்டு மூடிக்கொள்ளாமல் தடுக்கும் ரிவிங் நைஃப் இருக்காது. மரம் பிளேடை இறுக்கினால் நெஞ்சுக்கே வரும்.

ரவுட்டர் பக்கம் பார்த்தாலும் லாபமில்லை. ரவுட்டருக்குத் தேவை, பிட்டைச் சுற்றி மட்டும் சின்னதாகத் திறந்திருக்கிற, கொஞ்சமும் வளையாத மேசை. சர்க்குலர் சாவுக்குத் தேவை நீளமும் அகலமும். இரண்டையும் ஒரே 18 மி.மீ. பிளைவுட்டில் எதிர்பார்த்தால், மூன்று மிஷின் கனத்தில் நடுவில் அது தொங்கிவிடும், அரை மி.மீ. தொங்கினாலும் காடியின் ஆழம் மாறும். ரவுட்டருக்காக ஃபென்ஸை அரை மணி நேரம் போராடிச் சரிசெய்து வைத்திருப்போம், நடுவில் ஒரு துண்டு அறுக்க வேண்டி வரும், ஃபென்ஸைக் கழற்றுவோம், போச்சு. எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் எந்த சுவிட்ச் எந்த மிஷினுக்கு என்று ஒரு நாள் மாறும். அந்த ஒரு நாள் போதும். என்னைக் கேட்டால் இது வேண்டவே வேண்டாம். பெரிய வார்ப்பு மேடை உள்ள நிஜமான டேபிள் சா ஏற்கெனவே இருந்தால், அதன் பக்கவாட்டு இறக்கையில் ரவுட்டரைப் பொருத்துவது வேறு விஷயம். இடம் உண்மையிலேயே மிச்சமாகும், டேபிள் சாவின் ஃபென்ஸிலேயே ரவுட்டர் ஃபென்ஸை மாட்டலாம். அப்போதும் மேலே சொன்ன ஃபென்ஸ் சண்டை மட்டும் இருக்கத்தான் செய்யும்.

இனி சுவிட்ச். இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும். ட்ரிம்மர் என்கிற குட்டி ரவுட்டரிலும் பெரும்பாலான பெரிய ரவுட்டரிலும் சுவிட்சைப் போட்டால் அப்படியே பூட்டி நிற்கும். தலைகீழாக மாட்டிய பிறகு பெட்டிக்குள் கைவிட்டு யாரும் ஆன் பண்ணுவதில்லை. மிஷின் சுவிட்ச் எப்போதும் ஆனில், சுவரில் இருக்கிற சுவிட்ச்தான் எல்லாம். காடி பாதி ஓடிக்கொண்டிருக்கிறது, கரண்ட் போகிறது. நம் ஊரில் இது நடக்கிற கதைதானே. மிஷின் நிற்கிறது, மரத்தை வெளியே இழுக்கிறோம், சும்மா நிற்பானேன் என்று பிட்டைச் சுற்றி அடைத்திருக்கிற சிராயை விரலால் நோண்டுகிறோம், ஃபென்ஸைத் தட்டிச் சரி செய்கிறோம். கரண்ட் வருகிறது. யாரும் எதையும் தொடவில்லை, ஆனால் பிட் நிமிஷத்துக்கு 22,000 சுற்று சுற்ற ஆரம்பிக்கிறது.

இதற்குத் தீர்வு நம் பக்கத்து விவசாயிகள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். கிணற்று மோட்டார் ஸ்டார்ட்டரில் பச்சை பட்டன், சிவப்பு பட்டன் இருக்கிறதே, அதே தத்துவம். பச்சையை அழுத்தினால் உள்ளே காயிலுக்கு மின்சாரம் போய் காண்டாக்டரை, அதாவது மோட்டாருக்குக் கரண்ட் சேர்க்கிற சுவிட்சை, பிடித்துக்கொள்ளும். கரண்ட் போனால் காயில் விட்டுவிடும். திரும்ப வந்தாலும் பச்சையை அழுத்தாமல் ஓடாது. ரவுட்டர் டேபிளுக்கென்று நோ-வோல்ட் சுவிட்ச் என்ற பெயரில் சின்னதாக, சிவப்பு மூடி வைத்து வருகிறது, அது கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் எலக்ட்ரீஷியனிடம் சொல்லி 230 வோல்ட் காயில் உள்ள காண்டாக்டரும் இரண்டு பட்டனும் வைத்து ஒரு பெட்டி கட்டச் சொல்லுங்கள். ஒரே எச்சரிக்கை: கரண்ட் வந்ததும் மோட்டார் தானாக ஓட வேண்டும் என்று வயலில் ‘ஆட்டோ’ மாட்டி வைத்திருப்பார்கள், அது தண்ணீருக்கு வசதி, இங்கே அது இருக்கவே கூடாது. பழைய ஸ்டார்ட்டரைக் கழற்றிக்கொண்டு வந்து மாட்டுகிறவர்கள் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சிவப்பு பட்டனை மேசையின் முன்பக்கம், இடது ஓரமாக, முழங்காலால் அல்லது தொடையால் தள்ளினால் அணைகிற உயரத்தில் வையுங்கள். இரண்டு கையும் மரத்தில் இருக்கும்போதுதான் அணைக்க வேண்டி வரும், அப்போது மூன்றாவது கை கிடையாது. 1,650 வாட் ரவுட்டர் முழு இழுப்பில் 7 ஆம்பியர் எடுக்கும், அதனால் ஃபேன் மாட்டுகிற சின்ன பிளக் பாயிண்ட்டில் குத்தாமல் 16 ஆம்பியர் பாயிண்ட்டிலிருந்து கனமான வயர் இழுத்து, எர்த்தோடு கொடுங்கள். பிட் மாற்றும்போது பட்டனை அணைத்தால் போதாது, பிளக்கையே பிடுங்கி, பிடுங்கிய பிளக் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி மேசைமேல் வைத்துவிட்டுத்தான் ஸ்பேனரை எடுக்க வேண்டும்.

ரெடிமேட் டேபிளுக்கு வருவோம். மேசைமேல் கிளாம்ப் போட்டு வைக்கிற அலுமினிய மாடல்கள்தான் நம்மூருக்கு எளிதாக வந்து சேருகின்றன. அவற்றுக்கு ஒரு பெரிய நல்ல விஷயம் உண்டு: பிட்டுக்கு மேல் கார்டு, ஃபெதர்போர்டு (மரத்தை அமுக்கிப் பிடிக்கும் சீப்புப் பலகை), தூசிக் குழாய் மாட்ட வாய், சுவிட்ச் எல்லாம் கூடவே வரும் மாடல்கள் இருக்கின்றன. எதையும் செய்யப் பொறுமையில்லாதவர், வாடகை வீட்டில் இருப்பவர், வேலை முடிந்ததும் கட்டிலுக்கு அடியில் தள்ள வேண்டியவர், இவர்களுக்கு அது சரி. குறையும் தெரிந்துகொள்ளுங்கள். மேசை சின்னது, அதனால் எட்டடி பீடிங் ஓட்டினால் இரண்டு பக்கமும் ஸ்டாண்டு வைக்க வேண்டும், ஸ்டாண்டு வைத்தாலும் கனமான தேக்குச் சட்டத்தில் மேசையே நகரப் பார்க்கும். எல்லா ரவுட்டரும் அதில் உட்காராது. உங்கள் ரவுட்டரின் அடித்தட்டு ஓட்டைகளை அளந்து பார்க்காமல் வாங்காதீர்கள். ஃபென்ஸ் மெல்லிய வார்ப்பாக இருந்தால் கையால் அழுத்தும்போதே நெளியும். வாங்கின அன்றே ஒரு இரும்பு ஸ்கேலை மேசைமேல் குறுக்கும் நெடுக்கும் நிற்கவைத்து, அடியில் வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் அன்றே திருப்பி அனுப்புங்கள், ‘போகப் போகச் சரியாகும்’ என்பது இதில் கிடையாது.

ட்ரிம்மரைக் கவிழ்த்து ஒரு பலகையில் மாட்டுகிற குட்டி மேசை தனி ரகம். மக்கிட்டா 3709 மாதிரி ட்ரிம்மர் 530 வாட், 30,000 சுற்று, 6 மி.மீ. தண்டுள்ள பிட். இரண்டடிக்கு ஒன்றரை அடி பலகை, நடுவில் ஓட்டை, அடியில் ட்ரிம்மர், ஒரு நேரான ரீப்பர் ஃபென்ஸ். ஓரத்தைச் சாய்வாகச் சீவ, லேசாக உருட்ட, மைக்கா டிரிம் பண்ண, சாவிக்கொத்து, போட்டோ ஃப்ரேம் மாதிரி சின்ன வேலைக்கு இது அருமை, செலவும் இல்லை. இதில் பெரிய பிட் மாட்டித் தேக்கில் காடி எடுக்க நினைத்தால்தான் வம்பு. மிஷின் முனகும், பிட் கருகும், மரம் எரிந்த வாசனை வரும், நாம் இன்னும் அழுத்துவோம். பெரிய டேபிள் செய்த பிறகும் இந்தக் குட்டி மேசையைத் தூக்கிப் போடாதீர்கள். ஓரத்தை உருட்டுகிற ரவுண்ட் ஓவர் பிட்டை இதிலேயே நிரந்தரமாக விட்டுவைத்தால் பெரிய டேபிளின் அளவைக் கலைக்க வேண்டியதே இல்லை. ‘எல்லா வேலைக்கும் ஆகும் மேசை’ என்று தேடுகிறவர்களுக்கு இரண்டு மேசை என்பதுதான் நடைமுறையில் நல்ல விடை.

இப்போது நாமே செய்கிற மேசை. உயரம் 850 முதல் 900 மி.மீ., மேல்பலகை சுமார் 800க்கு 600. மேல்பலகைக்கு எது நல்லது என்பதில் ஆளுக்கொரு அபிப்பிராயம். ஐஎஸ் 710 முத்திரையுள்ள 18 மி.மீ. மெரைன் பிளை இரண்டை ஒட்டி 36 மி.மீ. ஆக்குவது ஒரு வழி. எச்டிஎச்எம்ஆர் (ஈரம் தாங்கும், அடர்த்தியான மரநார்ப் பலகை) இரண்டை ஒட்டுவது இன்னொன்று. மட்டமாக இருப்பதில் எச்டிஎச்எம்ஆர் ஒரு படி மேல், திருகு மரை பிடிப்பதில் பிளை மேல். நான் எச்டிஎச்எம்ஆர் பக்கம், திருகு போகிற இடத்தில் மட்டும் கீழிருந்து கட்டை கொடுத்துவிடுவேன். எதுவாக இருந்தாலும் மைக்காவை மேலே மட்டும் ஒட்டாதீர்கள். இரண்டு பக்கமும் ஒட்ட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் அடைத்தால் மறுபக்கம் மட்டும் ஈரம் குடித்து, ஈரம் விட்டு, பலகை வில்லாக வளையும். வேலூர் மே மாத வெயிலில் ஷீட் கொட்டகைக்குள் காய்வதும் ஐப்பசி, கார்த்திகை மழையில் ஊறுவதும் ஒரே பலகைதான் என்பதை மறக்காதீர்கள். கிரானைட் கடையில் மிச்சமான துண்டு கிடைக்கிறது, அதையே மேசையாக்கினால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. மட்டம் பிரமாதமாக இருக்கும்தான், ஆனால் அதில் தட்டு உட்காரப் படி எடுப்பது யார், ஃபென்ஸ் போல்ட்டுக்கு ஓட்டை போடுவது யார், ஒரு தடவை இடம் மாற்றினால் இடுப்பு யாருடையது?

ரவுட்டர் தொங்குகிற தட்டு மேசையைவிட முக்கியம். அக்ரிலிக் பார்க்க அழகு, ஆனால் ஐந்தாறு கிலோ மிஷினை மாசக்கணக்கில் தொங்கவிட்டால் நடுவில் குழியும், வெயில் காலத்தில் சீக்கிரமே. 6 மி.மீ. அலுமினியத் தட்டு அல்லது 10, 12 மி.மீ. பேக்கலைட் ஷீட், இந்த இரண்டில் ஒன்று. ராணிப்பேட்டை சிப்காட் பக்கம் மில்லிங், லேசர் கட்டிங் ஜாப் ஒர்க் செய்கிறவர்களிடம் அளவு வரைந்து கொடுத்தால் அலுமினியத் தட்டை நேர்த்தியாக வெட்டி வாங்கலாம். நடுவில் பெரிய ஓட்டை, அதற்குள் உட்காரும் வளையங்கள் இரண்டு மூன்று அளவில். பிட்டுக்கும் வளையத்துக்கும் இடைவெளி எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது, சின்னத் துண்டு முனை அந்தப் பள்ளத்தில் இடறினால்தான் கை வழுக்கும். தட்டு மேசையோடு சரிமட்டமாக உட்கார, நாலு மூலையிலும் அடியிலிருந்து கிரப் ஸ்க்ரூ (தலையில்லாத திருகு) வைத்துச் சரிசெய்யுங்கள். தட்டில் பிட்டுக்குப் பக்கமாக ஒரு ஸ்டார்டிங் பின்னுக்கும் (மரத்தைச் சாய்க்க உதவும் குட்டிக் கம்பி) ஓட்டை போட்டு வையுங்கள். பேரிங் பிட்டில் வளைவான துண்டை ஓட்டும்போது ஃபென்ஸ் இருக்காது. முதல் தொடுதலில் மரத்தை அந்தப் பின்னில் சாய்த்துக்கொண்டு உள்ளே விட்டால் பிட் பிடுங்காது.

லிஃப்ட் என்பது மேசைக்கு மேலிருந்தே சாவி போட்டுப் பிட்டை ஏற்றி இறக்குகிற சாமான். வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் நல்ல லிஃப்ட் சில நேரம் ரவுட்டர் விலையையே தாண்டிவிடும். பிளஞ்ச் ரவுட்டர் (ஸ்பிரிங்கில் மேலும் கீழும் அமுங்கும் ரகம்) வைத்திருந்தால் அதன் ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, அடியில் எம்16 மரைக் கம்பி ஒன்றை நட்டில் ஓடவிட்டுத் தூக்கினால் போதும். எம்16 சாதாரண மரையில் ஒரு சுற்றுக்கு 2 மி.மீ. ஏறும், அரைச் சுற்றுக்கு 1 மி.மீ., கணக்குப் போடவே வேண்டாம். கார் ஜாக்கி வைத்துத் தூக்குகிறவர்களும் உண்டு. அது ஏற்றும், ஆனால் நுணுக்கமாக நிற்காது. ஏற்றின பிறகு பிளஞ்ச் பூட்டைக் கட்டாயம் இறுக்க வேண்டும்.

ஃபென்ஸில் நிறைய பேர் வீணாகச் செலவு செய்வது, அதை மேசையின் ஓரத்துக்கு இணையாக ஓடவைக்க வேண்டும் என்று நினைப்பதால். டேபிள் சாவுக்கு அது கட்டாயம். ரவுட்டர் பிட் உருண்டை, அதற்கு முன்னும் பின்னும் கிடையாது. ஃபென்ஸ் எந்தக் கோணத்தில் நின்றாலும் பிட்டிலிருந்து தூரம் மட்டும்தான் கணக்கு. அதனால் ஒரு முனையை ஒற்றைப் போல்ட்டில் மாட்டி, மறுமுனையை மட்டும் நகர்த்திக் கிளாம்ப் போட்டால் போதும். பிட் நடுவில் இருந்தால் மறுமுனையை 2 மி.மீ. நகர்த்தும்போது பிட் இருக்கிற இடத்தில் 1 மி.மீ. நகரும், அதாவது நுணுக்கம் இலவசமாகக் கிடைக்கிறது. இதே காரணத்தால் மேசையில் மைட்டர் காடியும் (குறுக்குத் தள்ளு சாமான் ஓடுகிற பள்ளம்) வேண்டாம் என்பேன். காடி இருந்தால் ஃபென்ஸ் அதற்கு இணையாக நிற்க வேண்டிய தலைவலி வரும், தூசி அடையும், பலகையும் அந்த இடத்தில் பலம் குறையும். சட்டத்தின் முனையில் குறுக்காக ஓட்ட, ஒரு சதுரக் கட்டையை ஃபென்ஸை ஒட்டித் தள்ளினாலே நேராகப் போகும், பின்பக்கம் சிலாம்பு பெயர்வதையும் அது தடுக்கும்.

ஃபென்ஸை இரண்டு துண்டாக, நடுவில் பிட்டுக்கு ஏற்ற மாதிரி திறந்து மூடும்படி செய்யுங்கள். அப்போது ஒரு கூடுதல் வேலையும் நடக்கும். மரம் வெளியேறும் பக்கத்துத் துண்டுக்குப் பின்னால் 1 மி.மீ. மைக்காத் துண்டு ஒன்றைச் செருகி, நேர் பிட்டின் வெட்டு முனையை அந்தப் பக்கத்து முகத்தோடு சரியாக நிறுத்தினால், டேபிள் சின்ன ஜாயின்டராக மாறிவிடும். பலகை ஓரம் ஒட்டுகிற அளவுக்கு நேராக வரும். குடியாத்தத்தில் தறிச் சட்டம் செய்கிற மேஸ்திரி ஒருவரிடம் இதைச் சொன்னபோது, “இன்னா சார், இழைப்புளி இருக்கசொல்ல இதுக்குப் போயி கரண்ட்ட செலவு பண்ணணுமா?” என்றார். அவர் கைக்கு அது சரி. என் கைக்கு மைக்காத் துண்டுதான்.

மரத்தை அமுக்கிப் பிடிக்க ஃபெதர்போர்டு இரண்டு: ஒன்று ஃபென்ஸிலிருந்து கீழ்நோக்கி, ஒன்று மேசையிலிருந்து ஃபென்ஸை நோக்கி. ஒரு துண்டுப் பலகையின் முனையைச் சாய்வாக வெட்டி, வரிசையாகக் கீறல் அறுத்தால் தயார். இது வந்துவிட்டால் கை பிட்டைத் தாண்டிப் போக வேண்டிய அவசியமே பாதிக்கு மேல் போய்விடும், மிச்சத்துக்குத் தள்ளுகட்டை. ஒரு சாணுக்குக் குறைவான துண்டை வெறும் கையால் ஓட்டவே ஓட்டாதீர்கள். அகலமான பலகையில் மோல்டிங்கை ஓட்டிவிட்டு, அப்புறம் அறுத்துப் பிரித்துக்கொள்ளுங்கள்.

திசை விஷயம் எந்த மேசைக்கும் பொது. தலைகீழாக நிற்கும் பிட், மேலிருந்து பார்த்தால் இடஞ்சுழியாகச் சுற்றும், அதனால் முன்னால் நின்று மரத்தை வலமிருந்து இடமாகத் தள்ள வேண்டும். அப்போதுதான் பிட் மரத்தை எதிர்க்கும், ஃபென்ஸோடு சேர்த்தும் அழுத்தும். மரத்தை ஃபென்ஸுக்கும் பிட்டுக்கும் நடுவில் விடுவது மட்டும் கூடவே கூடாது. காடியைக் கொஞ்சம் அகலமாக்கலாம் என்று ஃபென்ஸை நம் பக்கம் நகர்த்தி இரண்டாம் தடவை ஓட்டும்போது தெரியாமலே இந்த நிலைமை வரும்: வெட்டு இப்போது பிட்டின் பின்பக்கம் விழுகிறது, பிட் மரத்தைக் கையிலிருந்து பறித்து இடப்பக்கச் சுவரில் எறியும், மரத்தோடு போன கை பிட்டின்மேல் வந்து நிற்கும். காடியை அகலமாக்க ஃபென்ஸை எப்போதும் பின்னுக்கு, நம்மைவிட்டு விலகத்தான் தள்ள வேண்டும்; மரத்தின் புதுப் பகுதி பிட்டின் நம் பக்கத்தில், எதிர்த் திசையில் வெட்டுப்படுகிறதா என்று மிஷின் அணைந்திருக்கும்போதே பார்த்து வையுங்கள். சந்தேகமாக இருந்தால் பெரிய பிட் மாட்டி ஒரே தடவையில் முடிப்பது மேல்.

ரவுட்டர் தேர்வில் வாட்டைவிட வேகக் கட்டுப்பாட்டைப் பாருங்கள். 12 மி.மீ. பிட் 22,000 சுற்றில் ஓடினால் அதன் விளிம்பு விநாடிக்கு சுமார் 14 மீட்டர் ஓடுகிறது. அதே சுற்றில் 80 மி.மீ. பேனல் பிட்டை (கதவுப் பலகையின் ஓரத்தைச் சரிவாக்கும் பெரிய பிட்) மாட்டினால் விநாடிக்கு 92 மீட்டர், அதாவது மணிக்கு 330 கிலோமீட்டர். அதனால்தான் 25 மி.மீ. வரை 22,000 சுற்றும், 50 வரை 18,000மும், 65 வரை 16,000மும், அதற்கு மேல் 12,000 அல்லது அதற்கும் கீழே என்றும் வைத்துக்கொள்வது வழக்கம்; பிட்டின் மேலேயே உச்ச வேகம் போட்டிருந்தால் அதுதான் கடைசிச் சொல். ஒரே வேகத்தில் ஓடுகிற பழைய ரவுட்டர் கையில் இருந்தால் டேபிளில் தாராளமாக மாட்டலாம், பேனல் பிட் பக்கம் மட்டும் போகாதீர்கள். தண்டு அரை அங்குலமோ 12 மி.மீ.யோ, உங்கள் காலட் (பிட்டின் தண்டைக் கவ்வும் வளையம்) எதுவோ அதையே வாங்குங்கள், இரண்டும் ஒன்றல்ல. பிட்டை அடிவரை குத்தி இறுக்காமல் 2, 3 மி.மீ. வெளியே இழுத்துவிட்டு இறுக்குங்கள், இல்லையென்றால் காலட் சரியாகக் கவ்வாது. தேக்கில் சிலிகா உண்டு, எச்எஸ்எஸ் (சாதாரண எஃகு வகை) பிட் அதில் சீக்கிரமே மழுங்கும், கார்பைடு முனைதான் தாங்கும். ஒரு ஓட்டத்துக்கு 3 மி.மீ. ஆழத்துக்கு மேல் ஆசைப்படாதீர்கள்.

தூசியைக் கடைசியில் சொல்வதால் அது சின்ன விஷயம் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995லேயே மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவில் வைத்துவிட்டது. பெட்டி மேசையின் பெரிய சாதகமே இங்கேதான்: ஃபென்ஸுக்குப் பின்னால் ஒரு வாய், பெட்டிக்குள் ஒரு வாய், இரண்டையும் ஒரு வாக்குவம் கிளீனரோடு சேர்த்தால் தூசியில் பெரும்பகுதி பறக்காமல் அடங்கிவிடும். தூசி வெளியே வரக்கூடாது என்று பெட்டியை முழுக்க அடைத்துவிடாதீர்கள், ரவுட்டருக்குக் குளிர்ந்த காற்று வேண்டும்; கதவில் கீழ்ப்பக்கம் ஒரு கைப்பிடி அளவு திறப்பு விடுங்கள். எம்டிஎஃப் (மரநார்ப் பலகை) ஓட்டினால் மாஸ்க் கட்டாயம், எதை ஓட்டினாலும் கண்ணாடியும் காதடைப்பும் கட்டாயம். கையுறை வேண்டாம், தோளில் துண்டும் வேண்டாம், இரண்டும் பிட்டில் சுற்றும்.

ஆக, கையில் இருக்கிற காசைப் பொறுத்து இப்படிப் பிரியுங்கள். ட்ரிம்மர் மட்டும்தான் என்றால் குட்டி மேசை, அதற்கும் பச்சை சிவப்பு பட்டன் பெட்டி. வாடகை வீடு, இடமில்லை என்றால் ரெடிமேட், வாங்கும்முன் ஸ்கேல் சோதனை. சொந்தப் பட்டறை, தினம் வேலை என்றால் பெட்டி மேசை: முதலில் வேகக் கட்டுப்பாடுள்ள ரவுட்டரும் பட்டன் பெட்டியும், அடுத்து தட்டும் ஃபென்ஸும் ஃபெதர்போர்டும், அப்புறம் வாக்குவம். லிஃப்ட்டை இதெல்லாம் முடிந்த பிறகு, மரைக் கம்பியைத் திருகிக் கை சலித்த பிறகு வாங்கிக்கொள்ளலாம். தட்டு வெட்டக் கொடுக்கும்போதே, பின்னால் வரப்போகிற லிஃப்ட்டின் தட்டு அளவு எவ்வளவு என்று பார்த்து அந்த அளவுக்கே மேசையில் ஓட்டை போட்டுவிட்டால் மேல்பலகையை மறுபடி அறுக்க வேண்டியிருக்காது.